உப்புக் காற்று தின்னும் பின்விளக்கு! பல்பு மாற்றியும் எரியாத மர்மம்

பழைய வண்டிக்காரர்கள் 'ஹோல்டர்' தேடி அலைச்சல்

அனுமந்தை,-

மரக்காணம் உப்பளப் பகுதியில் பழைய கார், ஜீப், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஓயாத தலைவலி ஒன்று உண்டு. பின்விளக்கு எரியாது. பல்பை மாற்றுவார்கள், இரண்டு நாள் எரியும். மூன்றாம் நாள் மறுபடி இருட்டு!

குற்றவாளி பல்பு அல்ல. பல்பு உட்காரும் பித்தளை ஹோல்டர்தான். சில ரூபாய் பெறாத இந்தச் சின்னச் சாமானுக்கு மாற்று கிடைக்காமல் வண்டிக்காரர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்கு கடற்கரை சாலையில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் ஊர் அனுமந்தை. சுங்கச்சாவடியால் டிரைவர்களுக்குப் பழக்கப்பட்ட பெயர். வடக்கே மரக்காணம் உப்பளம், கிழக்கே கடல். கடற்காற்று அடிக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உப்பு பறந்து வந்து வண்டி மேல் படிகிறது.

இரவுப் பனியில் அந்த உப்பு கசிந்து ஈரமாகிறது. வெடித்துப் போன ரப்பர் வழியாக விளக்குக்குள் இறங்குகிறது. அப்புறம் நடப்பதுதான் விபரீதம்.

பச்சைக் களிம்பு

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். உப்பு ஈரம் பட்டால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். மிச்சம் நிற்பது சிவந்துபோய், பஞ்சு மாதிரி பலமில்லாத செம்பு. மேலே பச்சைக் களிம்பு. விரலால் அழுத்தினால் உதிர்ந்து விடும்.

ஹோல்டருக்குள் பல்பைத் தள்ளிப் பிடிக்கும் இரும்பு ஸ்பிரிங் அதற்கும் முந்தியே துருப்பிடித்து விடுகிறது. பல்பு ஆடுகிறது. பள்ளத்தில் வண்டி இறங்கினால் எரியும். மேட்டில் ஏறினால் அணையும்.

'பல்பு போச்சுண்ணே, வேற போடு' என்பது கடைகளில் தினசரி கேட்கும் பேச்சு. உண்மையில் கழற்றி எறியும் பல்புகளில் பல நல்ல பல்புகளே!

2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஒரு இரவு முழுகிக் கிடந்த விளக்கை உடனே திறந்து கழுவிக் காய வைக்காவிட்டால் ஹோல்டரின் ஆயுள் அதோடு சரி.

6 வோல்ட் வண்டிகளின் கதி

பழைய லாம்பிரெட்டா, ராஜ்தூத், எஸ்டி போன்ற வண்டிகளில் பெரும்பாலும் 6 வோல்ட் பாட்டரிதான். இவற்றுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

பிரேக் விளக்கு பல்பு 21 வாட். 12 வோல்ட் வண்டியில் இதற்கு ஒன்றே முக்கால் ஆம்பியர் மின்சாரம் போதும். 6 வோல்ட் வண்டியில் மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். களிம்பு பிடித்த ஹோல்டர் இதைத் தடுக்கிறது. வழியில் 1 வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் பல்பின் வெளிச்சம் கால்வாசி குறையும். 6 வோல்ட் பல்பிலோ ஏறக்குறைய பாதியாகி விடும்!

விளக்கு எரிகிறது என்று ஓட்டுபவர் நினைத்துக் கொண்டிருப்பார். பின்னால் வருபவருக்கோ பீடி நெருப்பு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும்.

2 விநாடிகூட இல்லை

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள்.

மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் பின்விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருந்தே தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் பின்னால் வருபவருக்கு 7 விநாடி கிடைக்கும். பிரேக் போடலாம், ஒதுங்கலாம்.

விளக்கு இல்லாத வண்டி 40 மீட்டர் நெருங்கிய பிறகு கண்ணில் பட்டால்? 2 விநாடிகூட இல்லை. கால் பிரேக்குக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்து விடும்.

2022-ம் ஆண்டு இந்தியா முழுவதும் நடந்த சாலை விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னால் வந்து மோதிய விபத்துகள்தான் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரம். அத்தனைக்கும் பின்விளக்கு காரணம் அல்ல. ஆனால் இருட்டில் நிற்கும் வண்டி எமன் என்பதை டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கம்பெனி இல்லை, சாமான் இல்லை

புதிய வண்டி என்றால் கடையில் போய் கேட்டால் கிடைக்கும். பழைய வண்டிக்கு?

மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு' கார் செய்த தொழிற்சாலையும் போய் விட்டது. அம்பாசடர் கார் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. வண்டி ஓடுகிறது, செய்தவர்கள் இல்லை.

இதனால் அனுமந்தைக்காரர் தெற்கே புதுச்சேரிக்கோ மேற்கே திண்டிவனத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. அங்கும் இல்லை என்றால் கடைசிப் புகலிடம் சென்னை புதுப்பேட்டை. பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் சந்தை அது. ஆனால் அங்கே கிடைக்கும் பழைய ஹோல்டரும் பாதி தேய்ந்ததாகத்தான் இருக்கும்.

வயிற்றை மட்டும் மாற்று!

விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் கையாளும் வழி வேறு. விளக்கின் வெளிக்கூட்டைத் தொடுவதில்லை. உள்ளே இருக்கும் ஹோல்டரை மட்டும் மாற்றுகிறார்கள்.

பின்விளக்கு பல்பின் பித்தளை அடிப்பாகம் பெரும்பாலும் 15 மில்லி மீட்டர் குறுக்களவு. கம்பெனி எதுவானாலும் அளவு ஒன்றே. எனவே இப்போது டிராக்டர், லாரிகளுக்கு வரும் மலிவு விலை பின்விளக்கை வாங்கி, அதன் ஹோல்டரைக் கழற்றிப் பழைய கூட்டில் வைத்துப் பற்ற வைத்து விடலாம்.

பித்தளைக் குழாய் நன்றாக இருந்து அடித்தட்டு மட்டும் போயிருந்தால் வேலை இன்னும் சுலபம். ஹைலம் ஷீட்டை வட்டமாக வெட்டி, துளை போட்டு, ஒயரின் முனையில் ஈயம் வைத்துப் பொட்டு மாதிரி நிறுத்தி, கீழே புது ஸ்பிரிங் போட்டால் தீர்ந்தது.

எதுவுமே மிஞ்சவில்லையா? லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். பித்தளைத் துண்டைக் கடைந்து, பல்பின் காது மாட்டும் காடியை அரத்தால் 'ஜெ' எழுத்துப் போல வெட்டித் தருவார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. பல்பின் அடியில் ஒரு ஈயப் பொட்டு இருந்தால் ஒரு இழை. இரண்டு பொட்டு இருந்தால் இரண்டு இழை - 5 வாட் பின்விளக்குக்கு, 21 வாட் பிரேக்குக்கு. இரண்டு இழை பல்பின் காதுகள் வேண்டுமென்றே ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வைக்கப்பட்டிருக்கும். திருப்பி மாட்டி விடக்கூடாது என்பதற்காக. காடியை ஒரே மட்டத்தில் வெட்டினால் பல்பைத் தலைகீழாகவும் மாட்டலாம். பிரேக் விளக்கு எப்போதும் எரியும். பிரேக் பிடித்தால் மங்கலான விளக்குதான் எரியும். பின்னால் வருபவர் ஏமாந்து போவார்.

தனி எர்த் ஒயர்

பாதி நேரம் ஹோல்டர்கூட குற்றவாளி அல்ல. கூட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள துருதான். மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். பாட்டரியின் எர்த் முனையில் இருந்து ஒரு ஒயரை எடுத்து ஹோல்டரின் பித்தளையில் தொட வேண்டும். பளிச்சென்று எரிந்தால் எர்த் கோளாறு. தனியாக ஒரு ஒயரை ஹோல்டரில் பற்ற வைத்து சேசிஸில் முடுக்கினால் பல வருடம் கவலை இல்லை.

சிகரெட் அட்டை ஈயத்தாளை மடித்துப் பல்புக்கு அடியில் திணிப்பது சிலர் வழக்கம். அது ஹோல்டரின் பித்தளைச் சுவரில் பட்டால் பியூஸ் போகும். பியூசுக்குப் பதில் கம்பி கட்டினால் ஒயர் தீப்பிடிக்கும். எல்.இ.டி. பல்பு போடுபவர்களும் கவனிக்க வேண்டும். 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். சாதாரண எல்.இ.டி. அதில் எரியாது.

அரசாங்க விதி

50 வயது தாண்டிய கார், இரு சக்கர வண்டிகளை 'வின்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உள்ளே ஹோல்டர் மாற்றுவது இதில் எதையும் தொடுவதில்லை. ஆகவே வண்டியின் அழகு கெடும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு நாள் வேலை

மழைக்காலம் முடிந்ததும் விளக்கைத் திறந்து, உப்பு கெடுத்ததை உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லத் தடவ வேண்டும். வெடித்த ரப்பருக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் போதும். கீழே தண்ணீர் வடியும் துளை அடைபட்டிருந்தால் குத்தி விட வேண்டும்.

இன்று ராத்திரி செய்து பார்க்க இன்னொன்றும் உண்டு. வண்டியின் பின்பக்கத்தைச் சுவர் ஓரமாக நிறுத்தி பிரேக்கை அழுத்துங்கள். சுவர் சிவந்தால் நிம்மதியாகப் புறப்படலாம். சிவக்காவிட்டால் பல்புக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள்!