விடியற்காலையில் கொதிக்கும் எலக்ட்ரான்கள்!

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் மதிய வெயில் எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க் குட்டீஸிடம் கேட்டுப் பாருங்கள். மண்டை பிளந்துவிடும்! விடியற்காலையில்தான் கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கும். ஆனால், அதே ஊருக்கு நேர் மேலே 500 கிலோமீட்டர் உயரத்தில் கதையே தலைகீழ். அங்கே திரியும் எலக்ட்ரான்களுக்கு மதியத்தைவிட விடியற்காலையில்தான் சூடு அதிகம்.

அவ்வளவு உயரத்தில் எலக்ட்ரான்களா? ஆமாம். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அங்குள்ள காற்று அணுக்களில் மோதி, எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. இந்தப் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர்.

இதை அளக்கப் போனது நம் நாட்டுச் செயற்கைக்கோள் 'ஸ்ராஸ்-சி2'. 1994 மே 4-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பியது. ஒடுகத்தூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் 200 கி.மீ. கூட இல்லை.

சரி, எலக்ட்ரானின் சூட்டை எப்படி அளப்பது? தெர்மாமீட்டர் வைத்தால் வேலைக்கு ஆகாது. எலக்ட்ரானுக்குச் சூடு என்றால் வேகம். பள்ளியில் உயரம் தாண்டும் போட்டி பார்த்திருப்பீர்களே? பி.டி. சார் குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார். ஒவ்வொரு உயரத்திலும் எத்தனை பேர் தாண்டினார்கள் என்று எண்ணினால், யாருக்கு எவ்வளவு வேகம் என்று புரிந்துவிடும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் செய்து தந்த கருவியும் இதைத்தான் செய்தது. அதில் குச்சிக்குப் பதில் கம்பி வலை. வலைக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடும். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, வேகமானவை மட்டுமே வலையைத் தாண்டி உள்ளே வரும். உள்ளே வந்தவற்றை மின்னோட்டமாக அளந்தார்கள்.

என்ன தெரிந்தது? இரவில் ஆயிரம் கெல்வினுக்கும் கீழே இருந்த வெப்பநிலை, விடிந்ததும் மளமளவென்று ஏறி 3000 கெல்வினைத் தாண்டியது. மதியம் பாதியளவுக்கு இறங்கிவிட்டது!

காரணத்தை ஆம்பூர் பிரியாணி வைத்துச் சொல்லலாம். பந்தியில் பத்து பேர்தான் இருக்கிறார்கள், ஒரு அண்டா பிரியாணி வருகிறது. ஆளுக்கு மலை மலையாகக் கிடைக்கும் அல்லவா? விடியற்காலையில் எலக்ட்ரான்கள் குறைவு. சூரியன் தரும் ஆற்றலை அவை மட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மதியம் அண்டாக்களும் கூடும்தான். ஆனால், பந்தியில் ஆள் அதைவிட அதிகமாகச் சேர்ந்துவிடும். (அந்த உயரத்தில் நமக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்பே விடிந்துவிடும் என்பது தனி வேடிக்கை.)

3000 கெல்வினில் செயற்கைக்கோள் கருகாதா? கருகாது. அங்கே எல்லாமே மிக மிக அடர்த்தி குறைவு. தொட்டால் சுடும் அளவுக்குத் துகள்கள் இல்லை.

இந்த எலக்ட்ரான்கள் ஏன் முக்கியம்? ஜி.பி.எஸ். சிக்னல் இவற்றின் ஊடேதான் இறங்கி வர வேண்டும். வரும் வழியில் அது தாமதமாகி, இடம் பல மீட்டர் தள்ளிக் காட்டும். வாடகைக் கார் அடுத்த தெருவில் போய் நின்றால் பரவாயில்லை. தரையிறங்கும் விமானத்துக்கு அப்படி ஆகலாமா? அதனால்தான் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த 'ககன்' இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு, விமானங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறது.

ஸ்ராஸ்-சி2 ஏழு ஆண்டுகள் சுற்றிவிட்டு, 2001 ஜூலையில் பூமியின் காற்று மண்டலத்துக்குள் விழுந்தது.