வாய்வாழ் நுண்ணுயிரும் முதுமையின் நினைவாற்றலும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், நினைவும் சிந்தனையும் தேய்ந்துபோகும் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இந்நோயில் வாய்வாழ் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டா என்பதை அறிவியலாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

கீரையிலும் பீட்ரூட்டிலும் மிகுந்துள்ள நைட்ரேட் என்னும் உப்பு, குடலில் உறிஞ்சப்பட்டபின் உமிழ்நீரோடு மீண்டும் வாய்க்கே வந்து சேர, நாக்கின் பின்புறத்தில் படிந்து வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலினுள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாகி, இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, மூளைக்குக் குருதி சீராகப் பாயத் துணைபுரிகிறது. இத்தகைய பாக்டீரியாக்களில் ஒன்றான நைசீரியா மிகுந்திருந்தோரிடம் நினைவாற்றல் மேம்பட்டிருந்ததாக, இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வு 2025-இல் தெரிவித்தது.

மாறாக, ஈறுகளை அரிக்கும் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவின் தடயங்கள், மறதிநோய்க்கு முதன்மைக் காரணமான அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்டோரின் மூளையில் காணப்பட்டதாக 2019-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. ஆயினும் ஈறுநோயே மறதிக்குக் காரணம் என்று முடிவுகட்ட இயலாது; மறதி முற்றியவர் பல் துலக்கவே தவறுவதால் வாய்நலம் கெடுவதும் உண்டு.

எனினும் ஈறுநோய் தன்னளவிலேயே தீங்கானது என்பதால், சேலம் அம்மாபேட்டையில் தறியோடு வாழ்நாளைக் கழித்த முதியோராயினும் பிற ஊர்களில் வாழ்வோராயினும், துலக்கும்போது தூரிகையில் படியும் இரத்தத்தை வயதின் இயல்பென்று ஒதுக்காமல், வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, பல் மருத்துவரிடம் தவறாது காட்டுதல் வேண்டும்.