“ஏ.சி-யைக் கூட்டுங்க!” “ஐயோ, குறைங்க!” - ஆபீஸ் ரிமோட் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

“ஏ.சி-யைக் கொஞ்சம் கூட்டுங்களேன்...”

இப்படி ஒருவர் சொன்னால் உங்களுக்கு என்ன புரியும்? குளிரைக் கூட்டச் சொல்கிறாரா, டிகிரியைக் கூட்டச் சொல்கிறாரா? எங்கள் ஆபீஸில் முதல் சண்டையே இந்த வார்த்தையில்தான் ஆரம்பித்தது. குளிர் தாங்காமல் நான் “கூட்டுங்க” என்றேன். சேல்ஸ் அண்ணன் ஒருவர் சிரித்த முகத்தோடு ரிமோட்டை எடுத்து, 22-ல் இருந்ததை 18 ஆக்கிவிட்டார்!

சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த இடம் அது. ஒரே ஹால், 14 பேர், இரண்டு ஸ்ப்ளிட் ஏ.சி. அதில் ஒன்றுக்கு நேர் கீழே என் சீட். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும்போது, உள்ளே நான் துப்பட்டாவை ஷால்போலச் சுற்றிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருப்பேன். மதியம் சேல்ஸ் டீம் திரும்பி வரும். பைக்கில் அலைந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். பையைக்கூட வைக்காமல் நேராக ரிமோட்டைத் தேடுவார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வராது. ஆனால், அவர்களுக்கு வியர்வை அடங்கும் நேரத்தில் எனக்கு விரல்கள் விறைத்துப்போயிருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 18-ல் வைத்தால் ரூம் சீக்கிரம் குளிரும் என்பது பலரின் நம்பிக்கை. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏ.சி-யில் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 என்றால் நிற்காமல் ரொம்ப நேரம் ஓடும், அவ்வளவுதான். கரன்ட் பில் தனிக்கதை. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் ரேட்டிங் உள்ள ரூம் ஏ.சி-க்கள் எல்லாம் ஆன் செய்ததும் 24-ல் நிற்கும்படிதான் வருகின்றன. அதை யார் 24-ல் விட்டுவைக்கிறோம்?

40 வயது, 70 கிலோ ஆண்!

கோபத்தில் ஒருநாள் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். போவுல் ஓலே ஃபேங்கர் என்ற டென்மார்க் விஞ்ஞானி, ஓர் அறையில் இருப்பவர்களுக்கு எந்தச் சூழல் இதமாக இருக்கும் என்று கணக்கிடும் முறையை 1970-ல் புத்தகமாக எழுதினார். காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், போட்டிருக்கும் உடை, செய்யும் வேலை எல்லாமே அந்தக் கணக்கில் உண்டு. எவ்வளவு கச்சிதமாக செட் செய்தாலும் 5 சதவிகிதம் பேருக்குப் பிடிக்காது என்பதும் அதே கணக்கு சொல்வதுதான்!

2015-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியிடும் என்பதற்கு அடிப்படையாக வைத்திருந்தது 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை. அதனால் பெண்களின் உடல் வெப்பத்தை 35 சதவிகிதம் வரை கூடுதலாகக் கணக்கிட வாய்ப்பிருக்கிறது என்றார்கள். அவர்கள் சோதித்தது 16 இளம்பெண்களைத்தான், சின்ன ஆய்வு. ஆனால், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிரின்ட் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவருக்கும் கரன்ட் பில் கவலை. மறுநாள் ரிமோட்டின் பின்னால் ஒரு ஸ்டிக்கர்: ‘26-க்குக் கீழே வைக்கக் கூடாது.’ ஜெயித்துவிட்டேன்!

அந்த ஜெயிப்பு இரண்டு நாள்தான்.

“நான் எதைக் கழட்டுறது?”

மூன்றாம் நாள் மதியம், ரெஸ்ட் ரூமில் அக்கவுன்ட்ஸ் அக்கா நின்றுகொண்டிருந்தார். 50 வயதை நெருங்குபவர். ஜன்னலோரம் உட்கார்ந்து எப்போதும் ஃபைலால் விசிறிக்கொண்டிருப்பார். ‘அக்காவுக்கு ஓவர் டென்ஷன்’ என்று ஹாலில் கிண்டல் ஓடும், நானும் சிரித்திருக்கிறேன். அன்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் சிவந்து, ஜாக்கெட் நனைந்திருந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“உனக்குக் குளிருதுன்னா ஷால் போத்திக்கலாம்மா. எனக்கு எரியுதுன்னா நான் எதைக் கழட்டுறது?”

மாதவிடாய் நிற்கும் காலம். நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் திடீரென்று நெருப்பு ஏறுகிற மாதிரி சில நிமிடங்கள் எரியும், பிறகு வியர்த்துக் கொட்டும், அடங்கியதும் நடுங்கும். ‘ஹாட் ஃப்ளாஷ்’ என்கிறார்கள். ஒரு வருஷமாக இருக்கிறதாம். ராத்திரி தூக்கமில்லை. ஹால் முழுக்க ஆண்கள், மேனேஜரும் ஆண். யாரிடம் சொல்வது? “பேசாம வேலையை விட்டுடலாமான்னு இருக்கு” என்றார். 20 வருஷம் பார்த்த வேலை.

‘பெண்களுக்குக் குளிரும், ஆண்களுக்குப் புழுங்கும்’ என்று நான் பிரின்ட் எடுத்துக்கொண்டு போன நியாயம் அங்கேயே உடைந்துபோனது.

அக்கா என்னை விடவில்லை. “உனக்கு மட்டும் ஏன் இவ்ளோ குளிருது? ரத்தம் கம்மியா இருக்கப்போகுது, டெஸ்ட் பண்ணிப் பாரு” என்றார். பார்த்தேன், ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் நானும் ஒருத்தி. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குளிர் தாங்காதாம், அதிகமானால் புழுக்கம் தாங்காதாம். ஒரே ரிமோட்டுக்குச் சண்டைபோடும் இரண்டு பேருக்குமே டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கலாம்!

சீட்டை மாற்றினால் போதும்

மேனேஜரிடம் அக்காவின் விஷயத்தைச் சொல்லவில்லை. “எனக்கு ஜன்னல் பக்கம் வேணும் சார்” என்று மட்டும் கேட்டேன். நானும் அக்காவும் சீட் மாறிக்கொண்டோம். இது ஏன் முன்பே யாருக்கும் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. ரிமோட்டில் தெரியும் எண் அறைக்கான இலக்குதான். ஏ.சி ஊதும் காற்று அதைவிடப் பல டிகிரி குளிராக இருக்கும். அதனால் ஒரே ஹாலில், ஒரே செட்டிங்கில், நேர் கீழே இருப்பவர் நடுங்குவார், ஜன்னலோரம் இருப்பவர் வேகுவார்.

சர்வீஸுக்கு ஆள் வந்து ஃபில்டரைக் கழுவினார். அதிலிருந்து வந்த அழுக்கைப் பற்றி எழுதினால் சாப்பிட மாட்டீர்கள். ஏ.சி வந்த நாளிலிருந்து ஓடாமல் கிடந்த சீலிங் ஃபேன்களைப் போட்டோம். காற்று மேலே பட்டாலே உடம்புக்கு இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். சேல்ஸ் டீமுக்கு ஃபேன் அடியில் ஓர் இடம். 25-ல் நின்றது.

சேல்ஸ் அண்ணன்களின் ஃபுல்ஹேண்ட் சட்டை, டை பற்றியும் பேசிப் பார்த்தேன். ஜப்பானில் 2005-லேயே கோடைக்காலத்தில் டை, கோட் வேண்டாம், ஏ.சி-யை 28-ல் வையுங்கள் என்று அரசே ‘கூல் பிஸ்’ இயக்கம் நடத்தியது. “நம்ம கிளையன்ட் ஜப்பான்காரங்க இல்லையேம்மா” என்றுவிட்டார் மேனேஜர்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாத, மத்ததெல்லாம் எழுது” என்றார். டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்கிறார், வேலையை விடவில்லை. போன வாரம் போன் பேசியபோது, பக்கத்து சீட்டுக்குப் புதுசாக ஒரு பையன் வந்திருப்பதாகச் சொன்னார். ஸ்வெட்டரோடு வருகிறானாம்.

“நேத்து என்கிட்ட வந்து, ‘ஏ.சி-யைக் கொஞ்சம் கூட்டவாக்கா’ன்னு கேட்டான். எதைப்பா கூட்டப்போற, அதை முதல்ல சொல்லுன்னேன்.”