அந்த இருபத்தைந்து லட்சம் எதற்கு?

நஷ்ட ஈடு என்றதும் நம் ஊர் ஆசாமிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது கவர்ன்மென்ட் பஸ்தான். விபத்தில் இறந்துபோனவர் குடும்பத்துக்குப் பணம் கட்டவில்லை என்று கோர்ட் அமீனா வந்து, ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸை ஜப்தி செய்வார். மூட்டை முடிச்சோடு ஜனங்கள் இறங்கி நிற்பார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். 'பாரேன், புருஷன் செத்ததுக்குக் காசு வாங்குறா' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொடுக்க வேண்டியதை ஏன் கொடுக்கவில்லை என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் 2024 டிசம்பர் 30-ம் தேதி, திங்கட்கிழமை காலை, தாம்பரத்திலிருந்து பீச் போகிற வண்டியில் நான் கேட்டது வேறு மாதிரி.

"இருபத்தஞ்சு லட்சமாம் சார்! நான் இருபது வருஷம் பி.எஃப். பிடிச்சாலும் வராது" என்றார் ஜன்னலோரத்து நண்பர். நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல்லாவரம் வருவதற்குள் பேச்சு மெல்போர்ன் டெஸ்ட்டுக்குத் தாவிவிட்டது.

அவர் சொன்னது அண்ணா பல்கலைக்கழக மாணவி விவகாரம். நாம் தினமும் தாண்டிப் போகிற கிண்டிதான். 2024 டிசம்பர் 23-ம் தேதி இரவு வளாகத்துக்குள்ளேயே அந்தப் பெண்ணுக்குக் கொடுமை நடந்தது. அவள் புகார் கொடுத்தாள். (அந்த வயதில், அந்த நிலையில், புகார் கொடுப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் ஸ்பீக்கர் போட்டால் 100-க்குப் போன் பண்ணவே கை நடுங்கும்.) அந்தப் புகாரின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. பெயர், விலாசம் எல்லாம் ஊர் முழுக்க செல்போனில் சுற்றியது. டிசம்பர் 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை விசாரிக்கச் சொன்னது. மாணவிக்கு இடைக்காலமாக 25 லட்சம் ரூபாயை அரசு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நான் பி.காம். படித்தவன். பணம் என்றால் 'எந்தத் தலைப்பில்?' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த 25 லட்சம் நடந்த கொடுமைக்கான விலை இல்லை சார். ரகசியமாகக் காக்க வேண்டிய எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்கு அரசு தர வேண்டிய பணம். இது முதல் தடவையும் இல்லை. 2019-ல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அரசாணையிலேயே இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்போதும் விதித்தது அதே 25 லட்சம்தான். சட்டப்படி, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை யார் வெளியிட்டாலும் 2 வருடம் வரை சிறை. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணுகிற நம் கட்டை விரலும் அந்த 'யார்' கணக்கில் அடக்கம்.

அப்படியானால் கொடுமைக்கென்று தனியாக நஷ்ட ஈடு உண்டா? உண்டு. அதுதான் பலருக்குத் தெரியாத இரண்டாவது தலைப்பு.

2009 டிசம்பர் 31 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அதன் நம்பர் 396. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசே நஷ்ட ஈடு தர ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எவ்வளவு தருவது என்பதில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கென்று ஒரு திட்டம் தயாரித்து, 2018 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க அமலுக்கு வந்தது. பாலியல் வன்கொடுமை என்றால் குறைந்தது 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். கூட்டு வன்கொடுமை என்றால் 5-லிருந்து 10 லட்சம். பெயர் கசிந்தால் 25, கொடுமைக்கு அதிகபட்சம் 7 என்பது எனக்கே விசித்திரமாகத்தான் படுகிறது. திட்டத்தின் தொகை கொஞ்சம் உயரலாம் என்பது என் கட்சி.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. குற்றவாளி பிடிபட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆள் யாரென்றே தெரியாவிட்டாலும் மனு போடலாம். வழக்கு முடிகிறவரை காத்திருக்கவும் வேண்டாம், எஃப்.ஐ.ஆர். போட்டதுமே இடைக்கால உதவி கேட்கலாம். கேஸ் விடுதலையில் முடிந்தாலும்கூட, மறுவாழ்வு தேவை என்று கோர்ட் நினைத்தால் சிபாரிசு செய்யலாம். ஏனென்றால் இது குற்றவாளியின் பாக்கெட்டிலிருந்து வருகிற பணம் இல்லை. அவனுக்குக் கோர்ட் போடுகிற அபராதம் வேறு கணக்கு, வேறு லெட்ஜர்.

"அப்ப ஆளாளுக்குப் பொய்க் கேஸ் போட்டுக் காசு பாப்பாங்களே?" ஜன்னலோரத்து நண்பர் அடுத்து இதைத்தான் கேட்பார், தெரியும். அதற்கும் விதி இருக்கிறது. புகாரே பொய் என்று விசாரணை நீதிமன்றம் தீர்ப்பில் சொன்னால், கொடுத்த பணத்தை அபராதம் மாதிரி திரும்ப வசூலிக்கலாம். ஆனால் ஒன்று: 'சாட்சி போதவில்லை' என்பதும் 'பொய்' என்பதும் ஒன்றல்ல.

இனி ஒரு சொந்த அனுபவம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது மேலே படித்தவர்களுக்குப் புரியும்.

சேலையூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. டிபன் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் மஞ்சள் பையில் காகிதங்களோடு வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீ கணக்குப் படிச்சவன்தானே? இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அவர் மகளுக்கான நஷ்ட ஈட்டு விண்ணப்பம். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, காகிதமே சொல்லிவிட்டது. கேஸ் நடந்துகொண்டிருந்தது. எதிர்த்தரப்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். "மூணு லட்சம் தர்றோம். பொண்ணு எதிர்காலத்தை யோசிச்சு வாபஸ் வாங்கிடுங்க" என்று சோபாவில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் பேசியிருக்கிறார். இந்தப் பக்கம், சட்ட உதவி ஆபீசில் ஒரு அம்மாள் ஃபாரத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர், "எந்தக் காசும் வேணாம். வாங்கினா வித்த மாதிரி ஆயிடும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

அக்கா என்னைக் கேட்டார்: "ரெண்டும் காசுதானே தம்பி? அதை வாங்கினா தப்புன்னா, இதை வாங்கினா மட்டும் எப்படிச் சரி?"

கணக்குப் படித்தவனைக் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மூணு லட்சத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு என்ட்ரி இருக்கிறது: உங்கள் பெண் கோர்ட்டில் வாயைத் திறக்கக்கூடாது. இந்த ஃபாரத்தில் மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். எஃப்.ஐ.ஆர். நகல், இருந்தால் மெடிக்கல் ரிப்போர்ட், பேங்க் விவரம். அவ்வளவுதான் கேட்கிறார்கள். இதை வாங்கினால் கேஸ் நிற்காது. வாங்காவிட்டால் கேஸ் பலப்படப் போவதும் இல்லை. வேலைக்கும் காலேஜுக்கும் போய்வருகிற ஒரு பெண்ணைப் பாதுகாப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. அது தவறிப்போனதற்கு அது கட்டுகிற பாக்கி இது. பஸ் கம்பெனி கட்டுகிற மாதிரிதான்.

பஸ் உதாரணம் அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அவர்கிட்ட இதையே சொல்றேன்" என்று எழுந்தார். அந்த மனிதர் கையெழுத்துப் போடும் அவசியமே இல்லை என்பதை வாசல்வரை போய்ச் சொன்னேன். பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது, அவளே போடலாம்.

சமரசம் என்று சொன்னேனே, அது சோபாவில் உட்காருகிற பெரிய மனிதர்களோடு நிற்பதில்லை. 2015 ஜூனில் கடலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில், தண்டிக்கப்பட்டவருக்கு ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரச மையத்தில் பேசச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. அந்தப் பெண் முடியாது என்று சொல்லிவிட்டாள். நாடு முழுக்கக் கண்டனம். ஜூலை 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் வேறொரு மத்தியப் பிரதேச வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசம் என்ற நினைப்புக்கே இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மாதமே சென்னையில் போட்ட உத்தரவு வாபஸ் ஆனது.

பணம் வந்தால் எப்படி வரும்? பெண்ணின் பெயரில் உள்ள பேங்க் கணக்குக்கு வரும். நாலில் ஒரு பங்கை உடனே எடுக்கலாம். மீதி முக்கால் பங்கு குறைந்தது 3 வருடம் ஃபிக்சட் டெபாசிட். மைனர் என்றால் 80 சதவீதம் டெபாசிட்டில் போய், வயது வந்த பிறகுதான் கைக்கு. படிப்பு, வைத்தியம் மாதிரி அவசரத்துக்கு விதிவிலக்கு கேட்கலாம். அவள் பணத்தை அவளிடமே கொடுக்காமல் பூட்டி வைப்பதா என்று சிலர் கோபப்படுகிறார்கள். நியாயம்தான். ஆனால் 'தம்பிக்கு பைக், மாமாவுக்குக் கைமாத்து' என்று நம் குடும்பங்களில் பணம் எப்படிக் கரையும் என்று தெரிந்தவர் யாரோதான் இந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

பணம் சீக்கிரம் வருவதில்தான் உயிர் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். சி.பி.ஐ. குற்றம்சாட்டிய 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள்ளேயே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி கோர்ட் சொன்னது. அப்பீல் போய், சரியாக 12 வருடம் கழித்து 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்த 18 பேருக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அதில் பாதியைக் கொடுமை செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. அதற்குள் 31 வருடம் ஓடிவிட்டது. 1992-ல் பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தவளுக்கு நடு வயதும் தாண்டிவிட்டது.

இப்போது கோர்ட்டுகளுக்கும் இது நினைவூட்டப்பட்டிருக்கிறது. 2024 நவம்பர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: பெண்கள், குழந்தைகள் மீதான இந்த மாதிரி வழக்குகளில் தீர்ப்பு எழுதும்போது, தண்டனையோ விடுதலையோ, நஷ்ட ஈடு பற்றியும் செஷன்ஸ் கோர்ட் உத்தரவிட வேண்டும். விதிப்படி போலீசும் எஃப்.ஐ.ஆர். போட்ட கையோடு ஒரு நகலைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டது பையனாக இருந்தால் இந்தப் பெண்கள் திட்டம் பொருந்தாது. ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவனுக்குப் போக்சோ கோர்ட்டே நஷ்ட ஈடு தரச் சொல்லலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு எத்தனை வீடுகள் மூடிக்கொள்கின்றனவோ.

நம் ஏரியாக்காரர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. அட்ரஸ் எழுதினால் சென்னை–45. மாவட்டம் செங்கல்பட்டு. எம்.பி. தொகுதி ஸ்ரீபெரும்புதூர். 2022-லிருந்து போலீஸ் கமிஷனர் மட்டும் தாம்பரத்துக்கே தனி. மனு எங்கே போடுவது? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்காரர்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தாம்பரம் கோர்ட்டில் உள்ள வட்டக் குழுவில் கேட்கலாம். கிண்டி, வேளச்சேரி என்றால் சென்னை மாவட்டம். எதுவும் புரியவில்லையா, 15100-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். எழுதித் தர வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இலவச சட்ட உதவி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே உண்டு.

அக்காவின் மகள் மனு போட்டாள். இடைக்காலத் தொகை வந்தது. அதில் எடுக்க முடிந்ததைக் கொண்டு, நிறுத்திவிட்ட டிகிரியை வேறு காலேஜில் தொடர்கிறாள். கேஸ் இன்னும் நடக்கிறது. போன மாதம் சாட்சிக் கூண்டில் ஏறி, இரண்டு மணி நேரம் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சோபா மனிதர் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் வரவில்லையாம்.

ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. மனுவுக்குக் கெடு, சம்பவம் நடந்ததிலிருந்தோ விசாரணை முடிந்ததிலிருந்தோ 3 வருடம். தாண்டிவிட்டதென்றால் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கூடவே கொடுக்கலாம். காரணம் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்வார்கள். மனு வந்தால் 60 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது விதி.