சம்பளமில்லா லீவுக்கு யார் சம்மதம்?

2021 மே மாத நடுப்பகுதியில் முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா கொத்தாகப் பரவியதே சொல்லப்பட்ட காரணம். தொற்றியவர்கள் எத்தனை பேர் என்பது சுகாதாரத் துறையின் கணக்கு. அடைபட்ட நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பது தொழிலாளர் வீட்டுக் கணக்கு.

போருக்குப் பின் வன்னியில் மாதச் சம்பளம் தரும் பெரிய இடங்கள் ஆடைத் தொழிற்சாலைகள்தான். கிளிநொச்சியில் ‘விடியல்’, ‘வானவில்’ என்ற மாஸ் நிறுவனத்தின் ஆலைகள், வவுனியாவில் ஒமேகா லைன். வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலருடைய வீட்டில் வேறு வருமானம் இல்லை. அங்கே ‘நோபே’, அதாவது சம்பளமில்லா லீவு, என்றால் கடைக்கடனும் கிழமைக் கட்டுக்காசும் அப்படியே நிற்கும், சம்பளம் மட்டும் வராது.

ஓடர் இல்லை, லீவில் நில்லுங்கள் என்று நிர்வாகம் தன் பாட்டில் சொல்லிவிட முடியுமா? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், 12 மாதங்களுக்குள் 180 நாட்கள் வேலை செய்தவருக்கு இது காப்பு. ஒழுக்காற்றுக் காரணமின்றி அவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் இச்சட்டத்தின்படி நிறுத்தம்தான்.

அரசே ஊரை மூடும்போது, வேலை இல்லாமற் போனது முதலாளியின் செயலா என்று வாதிடலாம். அந்த இடைவெளியை நிரப்பவே 2020 மேயில் தொழில் அமைச்சும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. அதற்கும் சேமலாப நிதி கட்ட வேண்டும். முதலில் இரண்டு மாதங்களுக்கென வந்த ஏற்பாடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஓவர்டைமும் வரவுக் கொடுப்பனவும் சேர்ந்தால்தான் ஆடைத் தொழிலாளியின் சம்பளம் சம்பளமாகும். அடிப்படையில் பாதி என்பது கைக்கு வந்ததில் பாதியைவிடக் குறைவு.

இந்த அளவு காப்புக்கூட எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பறந்த அலையன்ஸ் ஏர் சேவை 2020 மார்ச்சில் நின்றது. அதே ஆண்டு ஜூலையில், அப்போது அதன் தாய் நிறுவனமாக இருந்த எயார் இந்தியா, தெரிவு செய்த ஊழியரை ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ சம்பளமின்றி அனுப்பவும், அதை ஐந்து ஆண்டுவரை நீட்டவும் திட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் வேலை இல்லாத நாளுக்குப் பாதிச் சம்பளம் இருந்தது. ஆனால் அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே. விமானத்தில் பணிபுரிந்தவர் அதற்கு வெளியே நின்றார்.

இலங்கைச் சட்டத்தின் பலமும் பலவீனமும் அந்தச் சம்மதக் கடிதத்தில்தான் இருக்கின்றன. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வைக்கும் ஒரு கையெழுத்து, சட்டம் தந்த காப்பை நாமே விட்டுக்கொடுத்ததாக ஆக்கிவிடும். கடிதம் விளங்கும் மொழியில் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். பிணக்கு வந்தால் தாமதிக்காமல் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

தனியாளின் துணிவை நம்பி மட்டும் இதை விடக்கூடாது. 2020இல் பேசித் தீர்த்த பாதிச் சம்பளத்தை, கைக்கு வரும் சம்பளத்தின் பாதியாகத் திருத்தி, சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அடுத்த தொற்றின் நடுவில் அதற்காகப் பேரம் பேசக் கூடாது.