தொட்டிக்குள் ஒரு கடல்

சென்னைக் கடற்கரையிலிருந்து பெங்களூருக்குச் சாலைவழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம். இங்கு அடுக்குமாடி வீட்டில் பவள உயிரிகளை வளர்க்க விழைவோர், அலையும் நீரோட்டமும் கடலில் செய்யும் பணியை வடிகட்டியிடம் ஒப்படைக்க வேண்டியுள்ளது.

மீன்களின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. கற்களின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காதவர்களே பெரும்பாலும் பணத்தை இழக்கின்றனர். 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற கருவியோ கழிவு அழுகும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. நுண்ணிய காற்றுக்குமிழிகளில் கரிமப் பொருள்கள் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலெழுந்து, தனிக் கிண்ணத்தில் சேர்கின்றன.

நீர் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு நலம் என்று எண்ணிவிடலாகாது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளியைக்கொண்டு அதற்கு உணவூட்டுகின்றன. பாஸ்பேட் மிகுந்தால் சுண்ணாம்புக் கூட்டின் வளர்ச்சி குன்றும். வேண்டாத பாசி படரும். அதனை அறவே அகற்றினாலோ உள்ளிருக்கும் நுண்பாசிகள் வாடிப் பவளம் வெளிறிப்போகும். ஆகவே விலையுயர்ந்த வடிகட்டியைவிட, வாரந்தோறும் நீரைச் சோதிக்கும் பழக்கமே பயன் மிக்கது என்பது எமது கருத்து.

பெங்களூரின் மிதமான வெப்பநிலை பவளத்துக்கு உதவியே. ஆயினும் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட் மிகுதி, எனவே ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரிலேயே கடலுப்பைக் கலக்க வேண்டும். மின்தடை மற்றோர் இடர். மூடிய வடிகட்டி நெடுநேரம் நின்றால் உயிர்வளி தீர்ந்து உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் மடியும். மீண்டும் இயங்குகையில் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். அலங்கார விளக்குக்கு முன்பாக மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்தல் அறிவுடைமை.

வாங்கும் முன் சட்டத்தையும் அறிதல் வேண்டும். கல்போன்ற கூடுகட்டும் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை விற்பது குற்றம். பட்டியலில் இல்லாத மென்பவளம் என்று கடைக்காரர் கூறினாலும் இனப்பெயருடன் கூடிய ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். தொட்டிக்குரிய கல் கடலிலிருந்து பெயர்த்ததா, பீங்கானில் செய்ததா என்பதையும் விசாரியுங்கள். பாக்டீரியாக்கள் பீங்கானிலும் நன்றாகவே குடியேறும்.