ஒரு சிலிண்டரில் மட்டும் அமுக்கக் குறைவு

1990இல் அரசு விதித்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகவே, அரியாலை உட்பட யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அதனால் பிஸ்டன் வளையங்கள் விரைந்து தேயும்.

இத்தகைய எஞ்சினைப் புதுக்கிய பின்னரும் நான்கு சிலிண்டர்களுள் ஒன்றில் மட்டும் அமுக்கம் குறையின், உடனே பிரித்தல் தகாது. முதலில் வால்வு இடைவெளியை நோக்குதல் வேண்டும். இடைவெளி அற்றால் வால்வு முற்றாக மூடாது. அடுத்து, அச்சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அமுக்கம் உயர்ந்தால் குறை வளையத்தில். உயராவிடின் வால்விலோ காஸ்கற்றிலோ உள்ளது எனலாம்.

ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்கும் இம்முறை ஆய்வுகூடத்திற்கும் உரியதே. எனவே, கராச்சுத் தொழிலாளரின் அறிவை வெறும் கைப்பழக்கமென ஒதுக்குவதை நாம் ஏற்பதற்கில்லை.